பஞ்சு மில் வேலையால் வந்த மூச்சு நோய்: நட்டஈட்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது?

கிராண்ட்பாஸ் மருமகன் எழுதியது:

வணக்கம். என் மாமாவுக்காகக் கேட்கிறேன். வயது 57. கொழும்புக்கு வெளியே ஒரு நூற்பு மில்லில் 19 வருடம் வேலை. முதல் 8 வருடம் புளோரூமில் பஞ்சுப் பேல் பிரித்துப் போடும் வேலை, மிச்ச 11 வருடம் கார்டிங், அதாவது மெஷினில் பஞ்சைக் கம்பிப் பற்களால் சீவும் பகுதி. ஞாயிறு லீவு முடிந்து திங்கள் வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகும், புதன் வியாழன் ஆகும்போது கொஞ்சம் விடும். கடைசி சில வருடங்களில் எல்லா நாளும் இறுக்கம்தான். இப்போது ஒரு மாடிப்படி ஏறினாலும் நின்று மூச்சு வாங்கவேண்டும்.

கடந்த வருடம் வேலையை விட்டார். மனேஜர் சொன்னபடி ராஜினாமாக் கடிதத்தில் 'தனிப்பட்ட காரணம்' என்றுதான் எழுதியிருக்கிறார். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளிலும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கிளினிக் புத்தகத்தில் 'சி.ஓ.பி.டி.' (நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) என்று மட்டும் இருக்கிறது. எக்ஸ்ரே கிளியர். முன்பு ஒரு நாளைக்கு 5 சிகரெட் வீதம் 12 வருடம் குடித்தவர், விட்டுக் கனகாலம். கையில் இருப்பது ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம், சில சம்பளத் துண்டுகள், பழைய அடையாள அட்டை.

நட்டஈடு கேட்க வழி இருக்கிறதா? சிகரெட்டையும் அந்தக் கையெழுத்தையும் காட்டி மறுத்துவிடுவார்களா? எங்கே தொடங்குவது?

---

புதுக்கடை எழுதியது:

வழி இருக்கிறது. ஆனால் இப்போது உள்ள தாள்களோடு போகவேண்டாம். 'சி.ஓ.பி.டி.' என்பது மில்லுக்கே போகாத ஆளுக்கும் வரும் நோய். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால், வேலைக்கும் நோய்க்கும் தொடர்பு எங்கே என்று கேட்டு முதல் விசாரணையிலேயே கம்பனியின் சட்டத்தரணி கதையை முடித்துவிடுவார். நோயின் பெயர், மாமா வேலை செய்த அறை, செய்த வேலை, வருடங்கள் நான்கும் நெஞ்சு நோய் விசேட வைத்திய நிபுணரின் கையெழுத்தோடு ஒரே கடிதத்தில் வரவேண்டும். அது கைக்கு வந்துவிட்டால் மிச்சமெல்லாம் அலைச்சல்தான்.

சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம். விண்ணப்பம் போவது நாரஹேன்பிட்டயில் இருக்கும் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளருக்கு. பலர் இதைத் தொழில் நியாயசபை வழக்கோடு குழப்பிக்கொள்கிறார்கள். நியாயசபை வேலைநீக்கம் பற்றியது. அதற்கு வேலை முடிந்து 6 மாதம்தான் அவகாசம். உங்கள் விஷயம் அதுவல்ல.

கட்டளைச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைத் திருத்தங்களோடு எடுத்துப் பாருங்கள். தொழில்சார் நோய்கள் அங்கேதான் இருக்கின்றன. ஒவ்வொரு நோயும் அது வரக்கூடிய தொழிலோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். அட்டவணைக்குள் வரும் நோய் என்றால், வேலையில் நேர்ந்த விபத்துக் காயத்தைப்போலவே சட்டம் அதைப் பார்க்கும். வெளியே விழுந்தால், குறிப்பிட்ட ஒரு விபத்தின் நேரடி விளைவு என்று நீங்கள் நிரூபிக்கவேண்டும். வருடக்கணக்கில் சேர்ந்த தூசுக்கு அப்படி ஒரு நாளைக் காட்டவே முடியாது. ஆகவே டொக்டரின் கடிதத்தில் உள்ள சொற்களும் அட்டவணையின் வரியும் பொருந்தவேண்டும். கடிதம் எழுதுவிக்கப் போகும்போது அந்த அட்டவணைப் பக்கத்தின் பிரதியையும் கொண்டுபோங்கள்.

அந்தக் கையெழுத்துக்குப் பயப்படத் தேவையில்லை. நட்டஈட்டு உரிமையை ஒரு தாளில் எழுதி விட்டுக்கொடுக்க இந்தச் சட்டம் இடம் தருவதில்லை. தொகை பேசி முடித்த உடன்படிக்கை என்றாலும் அது ஆணையாளரிடம் பதிவாகியிருக்கவேண்டும். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளைக் கம்பனி காட்டினால், பதிவு இலக்கம் எங்கே என்று கேளுங்கள்.

'தனிப்பட்ட காரணம்' என்ற ராஜினாமாதான் உண்மையில் கொஞ்சம் இடைஞ்சல். அதை உடைக்க, ராஜினாமாவுக்கு முந்திய திகதியுள்ள மருத்துவத் தாள்கள் வேண்டும்: கிளினிக் புத்தகம், டயக்னோசிஸ் கார்ட், மெடிக்கல் லீவு எடுத்த சான்றிதழ்கள், மூச்சு பம்ப் (இன்ஹேலர்) வாங்கிய துண்டுகள். வேலையில் இருந்தபோதே மூச்சுக்கு மருந்து எடுத்தார் என்று ஒரு தாள் காட்டினாலும் ராஜினாமாக் கடிதத்தின் பலம் பாதியாகிவிடும்.

கம்பனிக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். பதிவுத் தபாலில், திகதியோடு, பிரதி வைத்துக்கொண்டு. தபால் பற்றுச்சீட்டைப் பிரதியின் மூலையிலேயே ஒட்டிவிடுங்கள், தனியே வைத்தால் தொலையும். இதற்குக் கால எல்லை உண்டு, இனி நாள் கடத்தவேண்டாம். தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்தால் ஆணையாளர் கோரிக்கையை ஏற்கலாம். நோய் வேலையால் வந்தது என்று டொக்டர் முதன்முதலில் சொன்ன திகதி இங்கே நல்ல காரணம். அந்தத் திகதியும் கடிதத்தில் இருக்கட்டும்.

தொகை: நிரந்தர இயலாமைக்கு, சம்பளத்தை வைத்து அட்டவணையில் ஒரு முழுத்தொகை வரும். உழைக்கும் திறனில் எத்தனை வீதம் போயிற்றோ அந்த வீதம் கிடைக்கும். கணக்கு விளங்குவதற்காக மட்டும் சொல்கிறேன்: முழுத்தொகை 12 இலட்சம், இழப்பு 40 வீதம் என்றால் 4 இலட்சத்து 80 ஆயிரம். உச்சவரம்பு முன்பு 5 இலட்சத்து 50 ஆயிரம், 2022 திருத்தத்துக்குப் பிறகு 20 இலட்சம்.

சிவில் நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடும் வழியும் இருக்கிறது. இரண்டிலும் வாங்கமுடியாது. சிவில் வழக்குக்குக் காலாவதிச் சட்டப்படி 2 வருடம், கம்பனியின் கவனயீனத்தையும் நிரூபிக்கவேண்டும். ஆணையாளரிடம் கவனயீனம் என்ற கேள்வியே எழாது. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு ஆணையாளர் வழிதான் சரி என்பது என் எண்ணம்.

---

ஊதுகுழல் எழுதியது:

மருத்துவப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

திங்கட்கிழமை நெஞ்சு இறுகி வாரத்தின் நடுவில் குறைவதுதான் பைசினோசிஸ் என்ற நுரையீரல் நோயின் அடையாளம். பஞ்சு முதலிய தாவர நார்களின் தூசாலும், அதில் ஒட்டியிருக்கும் பக்டீரியாவின் நச்சாலும் வருவது. ஆஸ்துமாவுக்கும் சிகரெட் நுரையீரலுக்கும் இந்த வாரத் தாளம் கிடையாது. அதனால் டொக்டரிடம் 'மூச்சு முட்டுது' என்று மட்டும் சொல்லி வரவேண்டாம். 'லீவுக்குப் பிறகு முதல் நாள் இறுகும், பிறகு விடும். இத்தனையாம் ஆண்டிலிருந்து எல்லா நாளும் இறுகுது' என்று ஆண்டுகளோடு சொல்லவேண்டும். ஷில்லிங் என்பவர் வகுத்த தரநிலை இன்றும் பாவனையில் இருக்கிறது. வாரத்தின் முதல் நாள் எப்போதாவது இறுக்கம் என்றால் அரைத் தரம். ஒவ்வொரு முதல் நாளும் என்றால் 1. மற்ற நாட்களிலும் என்றால் 2. அதோடு நுரையீரல் திறன் நிரந்தரமாகக் குறைந்திருந்தால் 3. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மாமா இந்தப் படிகளில் ஒவ்வொன்றாக ஏறியிருக்கிறார். கடிதத்தில் தரத்தைக் குறிப்பிடும்படி கேளுங்கள்.

எக்ஸ்ரே கிளியர் என்றால் நோய் இல்லை என்று ஒருவரும் முடிவுகட்டக்கூடாது. சிலிக்கோசிஸ் (மணல், கல் தூசு நோய்), அஸ்பெஸ்டோசிஸ் (கல்நார்த் தூசு நோய்) எக்ஸ்ரேயில் தடம் விடும். பைசினோசிஸுக்கென்று எக்ஸ்ரேயில் ஒரு தனி அடையாளம் கிடையாது. காசநோய் இல்லை என்று காட்ட அந்த எக்ஸ்ரே உதவும். சளிப் பரிசோதனை ரிப்போட் இருந்தால் அதையும் சேருங்கள்.

வேண்டியது ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதி நுரையீரல் திறனை அளக்கும் பரிசோதனை. கொழும்பில் மத்திய நெஞ்சு நோய் கிளினிக்கில் அல்லது வெலிசர தேசிய சுவாச நோய் வைத்தியசாலையில் கேளுங்கள். கிளினிக் புத்தகத்தோடு போனால் முதல் படி சுலபம். ரிப்போட் வந்ததும் நீங்களே சில விஷயங்களைப் பாருங்கள். குறைந்தது மூன்று நல்ல ஊதல்கள் இருக்கவேண்டும். அதில் சிறந்த இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 150 மில்லிலீட்டருக்குள் இருக்கவேண்டும். வரைபடம் இடையில் முறிந்திருந்தால் இருமல் அல்லது பாதி ஊதல். அந்த ரிப்போட்டை எதிர்த்தரப்பு டொக்டர் ஒரே வரியில் நிராகரிப்பார். உயரத்தை அங்கேயே அளந்து எழுதவேண்டும், ஆள் சொன்ன உயரம் கூடாது. எதிர்பார்க்கும் அளவு உயரத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது.

பரிசோதனைக்கு முன் சல்பியூட்டமோல் பம்பை குறைந்தது 4 மணி நேரம் நிறுத்தவேண்டும். நீண்ட நேரம் வேலைசெய்யும் பம்ப் என்றால் எவ்வளவு நேரம் என்று டொக்டரிடமே கேளுங்கள். மூச்சு மோசமானால் பம்பைப் போடுங்கள், பரிசோதனையை இன்னொரு நாள் செய்யலாம். முதலில் மருந்தில்லாமல் ஊதி, பிறகு 400 மைக்ரோகிராம் சல்பியூட்டமோல் எடுத்து 15 நிமிடம் கழித்துத் திரும்ப ஊதவேண்டும். மருந்துக்குப் பிறகும் எஃப்.ஈ.வி.1 (முதல் விநாடியில் ஊதும் காற்று) – எஃப்.வி.சி. (முழுதாக ஊதும் காற்று) விகிதம் 0.70க்குக் கீழே என்றால் நிரந்தர அடைப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் பஞ்சுத்தூசு அளவுகோலில் எஃப்.ஈ.வி.1 எதிர்பார்த்த அளவில் 80 வீதமும் மேலும் என்றால் பாதிப்பில்லை, 60–79 லேசான முதல் நடுத்தரப் பாதிப்பு, 60க்குக் கீழே கடுமை. வீத இழப்பை மதிப்பிடும் வைத்திய அதிகாரி முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

இன்னும் வேலையில் இருப்பவர்கள் இதை வாசித்தால்: உங்களிடம் மாமாவிடம் இல்லாத ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் 1978 பஞ்சுத்தூசு விதியில் உள்ள முறை அது. குறைந்தது 35 மணி நேரம் தூசில்லாமல் இருந்துவிட்டு, வாரத்தின் முதல் நாள் மில்லுக்குள் நுழையும் முன் ஒரு ஊதல். அதே ஷிப்டில் 4 முதல் 10 மணி நேரத்துக்குள் இன்னொன்று. எஃப்.ஈ.வி.1 அளவு 5 வீதத்துக்கு மேல் இறங்கினால் கவனிக்கவேண்டும், 10–20 நடுத்தரம், 20க்கு மேல் கடுமை. வேலையை விட்ட பிறகு இந்தப் பரிசோதனையைச் செய்ய வழியே இல்லை. தயவுசெய்து ராஜினாமா எழுதும் முன் செய்துகொள்ளுங்கள்.

சிகரெட்டை மறைக்கவேண்டாம். கிளினிக் புத்தகத்தில் அது எழுதியிருக்கும், மறைத்தால் மாமா சொல்லும் மற்றதையும் நம்பமாட்டார்கள். கணக்காகச் சொல்லுங்கள். 20 சிகரெட் ஒரு பெட்டி. 5ஐ 20ஆல் வகுத்து 12ஆல் பெருக்கினால் 3 பெட்டி-வருடம். அது சிறிய அளவு. விட்ட ஆண்டையும் சேர்த்து எழுதுவியுங்கள். சிகரெட்டும் பஞ்சுத்தூசும் சேரும்போது சேதம் கூடும் என்பது தெரிந்த விஷயம்தான். அதனால் தூசின் பங்கு இல்லாமல் போய்விடாது. வாயுப் பரிமாற்றப் பரிசோதனை கிடைத்தால் செய்யுங்கள், சிகரெட்டால் வரும் எம்பிஸீமாவை (நுரையீரலின் காற்றறைகள் சிதையும் நோய்) பிரித்துப் பார்க்க அது உதவும்.

---

ரிங் பிரேம் எழுதியது:

ஈ.பி.எப். பதிவு கம்பனியையும் வருடங்களையும் நிரூபிக்கும். எந்த அறையில் நின்றார் என்று அது சொல்லாது. நூற்பு மில்லில் அறைதான் முக்கியம். பேல் பிரிப்பு, புளோரூம், கார்டிங் மூன்றும்தான் தூசு கூடிய இடங்கள். பிறகு வரும் கட்டங்களில், டிராயிங் (சீவிய பஞ்சு இழைகளைச் சேர்த்து இழுப்பது), சிம்ப்ளெக்ஸ், ரிங், வைண்டிங் என்று போகப்போகக் குறையும். மாமாவின் 19 வருடமும் தூசு கூடிய பக்கத்திலேயே போயிருக்கிறது. இதைத் தெளிவாக நிறுவினால் கோரிக்கை பலமாக நிற்கும். கம்பனி செய்யப்போவது என்னவென்றால், அவரைப் 'பொது உதவியாளர்' என்று காட்டுவது.

சம்பளத் துண்டில் திணைக்கள எண் அல்லது பிரிவுக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதம், ஓவர்டைம் துண்டு, நீண்டகாலச் சேவைச் சான்றிதழ், எச்சரிக்கைக் கடிதம் எதிலாவது 'கார்டிங்' என்ற ஒரு சொல் இருந்தால் போதும். எச்சரிக்கைக் கடிதத்தை வெட்கப்பட்டுக் கிழித்துவிடுவார்கள். ஆனால் இன்ன ஷிப்டில் இன்ன மெஷினில் நின்றார் என்று அதில்தான் துல்லியமாக இருக்கும். சங்க உறுப்பினர் அட்டையில் பிரிவு எழுதியிருப்பதும் உண்டு.

ஒரு வேலை வரலாறு தயாரியுங்கள். ஒரு பக்கம் போதும். ஆண்டு முதல் ஆண்டு வரை, அறை, மெஷின், பஞ்சின் வகை, ஷிப்ட் நேரம், கூடுதல் வேலைகள். கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கார்ட் கம்பியைச் சுத்தம் செய்தல், கம்பி தீட்டுதல், மெஷினுக்கு அடியில் விழுந்த கழிவை அள்ளுதல், காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்தல் எல்லாம் ஒரு மணி நேர வேலையானாலும் அன்றைய தூசில் பெரிய பங்கு அங்கேதான். தும்புத்தடியால் கூட்டினார்களா, உறிஞ்சும் குழாய் இருந்ததா, அது எப்போது பழுதாகிக் கிடந்தது, என்ன மாஸ்க் கொடுத்தார்கள் என்றும் எழுதுங்கள். சாதாரணத் துணி மாஸ்க் கொடுத்துவிட்டு 'பாதுகாப்புக் கவசம் வழங்கினோம்' என்று பதில் வரும். துணி மாஸ்க் மெல்லிய தூசை நிறுத்தாது.

பஞ்சின் வகையைப் பற்றி ஒரு வார்த்தை. முழுப் பொலியெஸ்டர் ஓட்டிய மில் என்றால் பைசினோசிஸ் வாதம் நிற்காது. பஞ்சும் பொலியெஸ்டரும் கலந்த நூல் என்றால், கலப்பது பெரும்பாலும் டிராயிங்கில். அப்படிப்பட்ட மில்லில் அதற்கு முந்திய புளோரூமும் பஞ்சுக் கார்டும் தனிப் பஞ்சில்தான் ஓடும். 'எங்கள் மில் கலப்பு நூல் மில்' என்று சொன்னால் கலப்பு எந்தக் கட்டத்தில் நடந்தது என்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் விசாரிப்பவருக்கு அது தெரிய வழியில்லை.

---

கிராண்ட்பாஸ் மருமகன் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒரு சம்பள உயர்வுக் கடிதத்தில் 'கார்ட் ஒப்பரேட்டர்' என்று இருக்கிறது, இப்போதுதான் தேடி எடுத்தோம்.

இரண்டு சிக்கல். கூட வேலை செய்தவர்கள் சாட்சி சொல்லப் பயப்படுகிறார்கள், இன்னும் அங்கேயே வேலை. மற்றது, மில் கைமாறிவிட்டதாகக் கேள்வி. பெயர்ப்பலகையும் மாறியிருக்கிறது. பழைய கம்பனி இல்லை என்றால் யாரிடம் கேட்பது? பணிக்கொடையும் இன்னும் வரவில்லை.

---

புதுக்கடை எழுதியது:

வேலையில் இருப்பவர்களை வற்புறுத்தவேண்டாம், அவர்களுடைய சோறு அது. ஓய்வுபெற்றவர்கள், வேலையை விட்டவர்கள், வேறு மில்லுக்குப் போனவர்கள் இருவர் கிடைத்தால் போதும். சத்தியக்கடதாசியில் அவர்கள் தங்கள் ஈ.பி.எப். இலக்கத்தையும் அதே மில்லில் வேலை செய்த ஆண்டுகளையும் எழுதவேண்டும். அப்போதுதான் கூட நின்று பார்த்த ஆள் என்பது நிலைக்கும். 'நல்ல மனிதர், கஷ்டப்பட்டார்' என்ற வரிகளால் பயனில்லை. 'இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை நானும் இவரும் ஒரே ஷிப்டில் கார்டிங்கில் நின்றோம், கம்பியை இவர் கையால் சுத்தம் செய்தார்' என்பதுதான் சாட்சியம். சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைக்கலாம்.

ஆள் சாட்சி குறைவென்றால் அரசாங்கத் தாளைத் தேடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தொழில் திணைக்களத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். அந்த மில்லில் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்கள் செய்த பரிசோதனை அறிக்கைகள், தூசு அளவீடுகள், கொடுத்த திருத்தக் கட்டளைகள் என்று ஆண்டு குறிப்பிட்டுக் கேளுங்கள். 'எல்லாத் தகவலும்' என்று எழுதினால் இழுபடும். தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தரலாமா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். தரலாம் என்றால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் தரவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பிறகு 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. வணிக இரகசியம் என்று மறுத்தால், தொழிலாளரின் உயிர்ப் பாதுகாப்பு பொதுநலன் என்று மேன்முறையீட்டில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதிலும் கேட்கலாம்.

கைமாறிய விஷயம்: டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையில் சமகம் மெதுர, அங்கே கம்பனிப் பதிவாளர் திணைக்களம். சம்பளத் துண்டில் உள்ள கம்பனியின் முழுப் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். மூன்று நிலைகளில் ஒன்று தெரியவரும். பெயர் மட்டும் மாறியிருந்தால் பதிவு இலக்கம் தொடரும், பொறுப்பும் தொடரும். பங்குகள் கைமாறியிருந்தால் முதலாளி மாறினாலும் கம்பனி அதேதான். கட்டடத்தையும் மெஷினையும் மட்டும் விற்றுவிட்டுப் பழைய கம்பனி கலைப்பில் இருந்தால், கலைப்பாளருக்குக் கோரிக்கையை அனுப்பவேண்டும், உடனே. பாதுகாப்பாக, அறிவித்தலைப் பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் அனுப்புங்கள். வேலையாட்கள் நட்டஈட்டுக் காப்புறுதி எந்தக் காப்புறுதி நிறுவனத்தில் இருந்தது என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். பதில் சொல்லாவிட்டாலும், கேட்டதற்கு ஆதாரம் பைலில் இருக்கும்.

பணிக்கொடை வேறு விஷயம். நோயோடு அதைக் கலக்கவேண்டாம், நட்டஈட்டுத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு உரிமை. மாதச் சம்பளக்காரர் என்றால் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும். 19 வருடத்துக்கு ஒன்பதரை மாதச் சம்பளம். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுத்திருக்கவேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் 10 வீதத்திலிருந்து ஏறி 30 வீதம் வரை போகும். மில் இருக்கும் பகுதிக்குரிய தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். ஈ.பி.எப். பணத்துக்கு 55 வயது தாண்டியதே போதும். ஈ.டி.எப். எனும் ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் நிரந்தர இயலாமைக்கான காப்புறுதிப் பயன் ஒன்று உண்டு, மருத்துவக் கடிதம் கிடைத்ததும் அங்கேயும் விசாரியுங்கள்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு, கொழும்பு 12, மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதி. வருமானத்தைக் காட்டக் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு போங்கள்.

---

கட்டுநாயக்க 11450 எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் தங்கை கார்மண்டில் (ஆடைத் தொழிற்சாலை) துணி வெட்டும் கட்டிங் செக்ஷன். அவளுக்கும் இருமலும் இளைப்பும். இதே வழியில் போகலாமா?

---

ஊதுகுழல் எழுதியது:

அக்கா, கார்மண்டுக்கு வரும் துணி கழுவி, வெளுத்து, சாயமேற்றி வருவது. பச்சைப் பஞ்சில் உள்ள நச்சு பெரும்பாலும் அந்தக் கட்டங்களிலேயே நீங்கிவிடும். கட்டிங் தூசு மூக்கையும் தொண்டையையும் அரிக்கும், ஏற்கனவே ஆஸ்துமா இருந்தால் கிளப்பிவிடும். பைசினோசிஸ் என்று அதை வாதாடுவது கஷ்டம். அவள் பக்கத்தில் சாயப் பொடி நிறுக்கும் இடம் இருந்தால் சொல்லுங்கள். ரியக்டிவ் சாயங்களால் தொழில்சார் ஆஸ்துமா வரும். ஜீன்ஸுக்கு மணல் வீசும் வேலை என்றால் அது சிலிக்கோசிஸ், இன்னும் ஆபத்து, அங்கே எக்ஸ்ரேயும் அவசியம்.

வேலையில் இருப்பதால், ஊதும் வேகத்தை அளக்கும் பீக் புளோ மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு 4 தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று ஊதலில் கூடியதை எழுதவேண்டும். வேலை நாட்களும் லீவு நாட்களும் சேர்ந்து நான்கு வாரம். லீவில் ஏறி வேலையில் இறங்கினால் அந்தத் தாளோடு நெஞ்சு டொக்டரிடம் போங்கள்.

---

ரிங் பிரேம் எழுதியது:

இந்தியாவில் வேலை செய்துவிட்டு வந்தவர்களும் இங்கே இருப்பதால் ஒரு குறிப்பு. அங்கே 2025 வரை நடைமுறையில் இருந்த 1923 நட்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பஞ்சு, பிளாக்ஸ், ஹெம்ப், சிசல் நார்த் தூசு நோய் பெயர் சொல்லியே இருந்தது. கோயம்புத்தூர் மில்லில் நடந்த பாதிப்புக்குக் கொழும்பில் கேட்கமுடியாது, அங்கேதான் கேட்கவேண்டும். பிரிட்டனில் தொழில்சார் இயலாமைப் பயனுக்குப் பொதுவாக 14 வீத இயலாமை வேண்டும். பைசினோசிஸுக்கு 1 வீதமே போதும். கம்பனி மூடிப்போனவர்களுக்கென்று 1979இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். நம்மூர் விசாரணையில் இவை கட்டுப்படுத்தாது. ஆனால் 'இது ஒரு நோயே இல்லை' என்று கம்பனி டொக்டர் சொன்னால் காட்டலாம்.

---

கிராண்ட்பாஸ் மருமகன் எழுதியது:

கம்பனி தங்கள் டொக்டரிடம் வந்து காட்டச்சொன்னால் போகவேண்டுமா?

---

புதுக்கடை எழுதியது:

போகவேண்டும். அவர்கள் செலவில் பரிசோதிக்கக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. காரணமில்லாமல் மறுத்தால் உங்கள் நட்டஈட்டு உரிமை இடைநிறுத்தப்படலாம். போவதற்கு முன் உங்கள் பக்க ஸ்பைரோமெட்ரியைச் செய்து முடித்திருங்கள், ஒழுங்கு மாறக்கூடாது. மாமாவோடு நீங்களும் போங்கள். ஒரு பக்க வேலை வரலாற்றின் பிரதியை அந்த டொக்டருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக உங்கள் பிரதியில் திகதியோடு கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்புங்கள். வேலை விவரம் தெரியாமல் பார்த்தேன் என்று பிறகு அவர் சொல்லமுடியாது. அங்கே வெற்றுத் தாளிலோ சிங்களத்தில் மட்டும் உள்ள தாளிலோ வாசிக்காமல் கையெழுத்து வைக்கவேண்டாம். ரிப்போட்டின் பிரதி வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

விசாரணை நாளில் மூலப் பிரதிகளைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோ பிரதியை மட்டும் கொடுங்கள். மூலத்தைக் கேட்டால் காட்டலாம், பற்றுச்சீட்டு இல்லாமல் விட்டுவரவேண்டாம். அந்தச் சம்பள உயர்வுக் கடிதத்தை இன்றைக்கே ஸ்கேன் பண்ணி வையுங்கள்.